61 குறை, மூன்று சிவப்பு: முதல் வீடு வாங்கும் தங்கச்சிக்கு

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், தெலுக் இந்தானில் 1996இல் கட்டிய ஒரு மாடி வரிசை வீடு. பேசிய விலை 185,000 வெள்ளி (ரிங்கிட்). 2 விழுக்காடு முன்பணம், அதாவது 3,700 வெள்ளி கட்டியாகிவிட்டது. விற்பனை ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வாங்குபவர் 29 வயதுத் தாதி. அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், குடும்பம் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தது. வீட்டைச் சோதித்தவர் 42 பக்க அறிக்கை கொடுத்திருக்கிறார்: 61 குறை, அதில் 3 சிவப்பு, 22 மஞ்சள், 36 பச்சை. "பழைய வீடு என்றால் இப்படித்தான்" என்கிறார் ஏஜெண்ட். சுவரைத் தட்டிப் பார்த்த அப்பா "கெட்டியான வீடு" என்கிறார். பேங்க் அறிக்கையில் குறை ஒன்றுமே இல்லை. "யாரை நம்புவது அண்ணே? வீட்டை விட்டுவிடவா? இரண்டு வருஷத்துக்கு டெவலப்பர்தான் சரி செய்ய வேண்டும் என்று தோழி சொல்கிறாளே, அது எனக்கும் உண்டா?"

தங்கச்சி, நீங்கள் அனுப்பிய பக்கங்களை இரண்டு முறை வாசித்தேன். கட்டுமான வேலையில் 26 வருஷம் இருந்திருக்கிறேன். கடைசிப் பத்து வருஷமாகக் கீழ்ப்பேராக் பக்கம் வீடுகளைச் சோதித்து அறிக்கை எழுதுவதுதான் என் பிழைப்பு. வீட்டை இப்போதே விட்டுவிட வேண்டாம். கையெழுத்தும் இப்போதே போட வேண்டாம். 61 குறையில் நான்கைப் பற்றி மட்டும் நீங்கள் இன்னும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. அந்த நான்கில் இரண்டு சிவப்பில்கூட இல்லை.

முதலில் பேங்க் அறிக்கையை ஒதுக்கி வையுங்கள். மதிப்பீட்டாளரை அனுப்பியது பேங்க். கடன் நின்றுபோனால் இந்த வீட்டை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. அவர் நிலத்தின் அளவு, இடம், அக்கம்பக்கத்தில் விற்ற விலை எல்லாவற்றையும் பார்த்து ஒரு தொகையைச் சொல்வார். கூரைக்குள் தலையை விட்டுப் பார்ப்பது அவர் வேலை இல்லை. அங்கே குறை எழுதவில்லை என்பதால் வீட்டில் குறை இல்லை என்று ஆகாது. இந்த இரண்டு அறிக்கையையும் ஒன்றாக நினைத்து ஏமாந்த பலரைப் பார்த்துவிட்டேன், அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

இப்போது சோதனை அறிக்கைக்கு வருவோம். எல்லாரும் நேராகப் படங்களுக்குப் போகிறார்கள். வெடிப்பைக் கிட்டத்தில் வைத்து எடுத்த படத்தைப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். நீங்கள் "வரம்புகள்" என்று போட்டிருக்கும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சோதித்தவர் எதைப் பார்க்கவில்லை என்பது அங்கேதான் இருக்கும். உங்கள் அறிக்கையின் 5ஆம் பக்கத்தில் நான்கு விஷயம் இருக்கிறது. கூரையின் உள்பக்கத்தைக் குளியலறைக்கு மேலே உள்ள ஒரு திறப்பிலிருந்து மட்டும் பார்த்தார். குசினி அலமாரிக்குப் பின்னால் உள்ள சுவரைப் பார்க்க முடியவில்லை. முன்னறை பூட்டியிருந்தது. சோதனை நாளிலும் அதற்கு முந்தைய நான்கு நாளிலும் மழை இல்லை.

இந்தக் கடைசி வரி சாதாரணமாகத் தெரியும், ஆனால் கனமானது. நான்கு நாள் வெயில் காய்ந்த பிறகு பார்த்தால் ஒழுகுகிற கூரைகூட ஒழுகாத கூரையாகத்தான் தெரியும். ஈரமானி காட்டிய எண்ணெல்லாம் காய்ந்த சுவரின் எண். ஆகவே "கசிவு காணப்படவில்லை" என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறதோ அங்கெல்லாம் "வெயில் நாளில்" என்று பென்சிலால் சேர்த்துக்கொள்ளுங்கள். பூட்டிய அறையைத் திறக்கச் சொல்லி ஏஜெண்டிடம் இன்றைக்கே கேளுங்கள். விற்கிற வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் சாவி கிடைக்கவில்லை என்றால் அதை நான் லேசில் விடமாட்டேன்.

அடுத்து இந்த வண்ணங்கள். உங்கள் பரிசோதகர் நம் நாட்டுக் கட்டட அளவையாளர்கள் பலர் பயன்படுத்துகிற புள்ளி முறையில் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு குறைக்கும் இரண்டு எண். முதல் எண் நிலைமை: 1 நன்று, 5 முற்றும் கெட்டது. இரண்டாவது எண் அவசரம்: 1 சாதாரணம், 2 வழக்கமான பராமரிப்பு, 3 அவசரம், 4 ஆபத்து. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வண்ணம். 4 வரைக்கும் பச்சை, 5 முதல் 12 வரை மஞ்சள், 13 முதல் 20 வரை சிவப்பு. முறை நல்ல முறைதான். ஆனால் பெருக்கியதும் ஒரு விஷயம் மறைந்துபோகிறது. உங்கள் பின்கட்டுக் கழிவறைக் கதவும் நிலையும் அடியில் உளுத்துவிட்டன: 5 பெருக்கல் 3, 15, சிவப்பு. மெயின் பெட்டியில் உள்ள ஆர்சிசிபி, சோதனைப் பொத்தானை அழுத்தியும் விழவில்லை: 3 பெருக்கல் 4, 12, மஞ்சள். கதவை மாற்றத் தச்சருக்கு ஒரு நாள் வேலை. ஆர்சிசிபியோ, மின்சாரம் கசிந்து உங்கள் அம்மாவின் கைவழியாக நிலத்துக்கு இறங்கினால் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய கருவி. அது வேலை செய்யவில்லை. ஆகவே வண்ணத்தை விடுங்கள், இரண்டாவது எண்ணைப் பாருங்கள். எங்கெல்லாம் 4 இருக்கிறதோ அதையெல்லாம் ஒரு தாளில் தனியாக எழுதுங்கள். உங்கள் அறிக்கையில் இரண்டே இடத்தில்தான் 4 இருக்கிறது. ஒன்று இந்த ஆர்சிசிபி, இன்னொன்று குசினிச் சுவர்.

மின்சாரத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பதிவுபெற்ற மின்பணியாளரைக் கூட்டிப்போய் மெயின் பெட்டியைத் திறந்து காட்டுங்கள். பிளக் பாயிண்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர், குளியலறைத் தண்ணீர் சூடேற்றிக்கு 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். கருவியை மாற்றுவது பெரிய செலவில்லை. உள்ளே ஓடுகிற வயர் எல்லாம் பழசாகி முறுகிப் போயிருந்தால்தான் செலவு ஏறும். எதுவானாலும் சாமான் ஏற்றுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டிய வேலை இது.

குசினிச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் வீடு வாங்குகிற எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

தெலுக் இந்தானில் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்காதவர் கிடையாது. 1885இல் கட்டினார்கள், மேலே ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி. அடியில் இருக்கிற மண் மெத்தென்ற சேற்று மண். தண்ணீரின் பாரம் ஏற ஏறக் கோபுரம் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. அதே மண்தான் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) அடியிலும் இருக்கிறது. அதனால் டெவலப்பர் வீடு கட்டும்போது பைல் என்கிற நீளமான தூண்களை மண்ணுக்குள் அடித்து, ஆழத்தில் இருக்கிற கெட்டி மண்ணில் வீட்டை உட்கார வைக்கிறார். வீடு நிற்கும். வீட்டைச் சுற்றி இருக்கும் மண் நிற்காது, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். வீட்டைச் சுற்றிப் போட்ட சிமெண்ட் மேடை வெடித்துக் கீழே போயிருப்பதும், போர்ச் தரை சரிந்திருப்பதும், வாசற்படி முதலில் இருந்ததைவிட உயரமாகத் தெரிவதும் இதனால்தான். இவை பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் வீட்டின் உயிருக்கு ஆபத்தில்லை.

வம்பு பின்னால் நீட்டிக் கட்டிய குசினியில் இருக்கிறது. டெவலப்பர் கொடுத்த வீடு சின்னது. முந்தைய உரிமையாளர் பின்கட்டில் எட்டடி பத்தடி நீட்டிக் குசினி கட்டியிருப்பார். அதற்குப் பைல் அடிக்கப் பலர் செலவு செய்வதில்லை, ஓரிரண்டு அடி தோண்டி அடித்தளம் போட்டுச் சுவரை எழுப்பிவிடுவார்கள். முன்பாதி பைலில் நிற்கிறது, பின்பாதி மண்ணோடு சேர்ந்து இறங்குகிறது. இரண்டும் சேருகிற இடத்தில் சுவர் கிழிந்துதானே ஆகும்?

உங்கள் அறிக்கை அந்த வெடிப்பை "6 மில்லிமீட்டர், மேலே அகலம், கீழே ஒடுக்கம்" என்கிறது. பொதுவாக வெடிப்பின் அகலத்தை இப்படிப் பார்ப்பார்கள்: 1 மில்லிமீட்டர் வரை வர்ணம் அடிக்கும்போது அடைத்துவிடலாம், 5 மில்லிமீட்டர் வரை நிரப்பிச் சரிசெய்யலாம், கதவு ஜன்னல் லேசாகப் பிடிக்கும், 5 முதல் 15 வரை போனால் சுவரைத் திறந்து கல்லை மாற்ற வேண்டியிருக்கலாம், 15ஐத் தாண்டினால் பெரிய வேலை. இந்தக் கணக்குப்படி உங்களுடையது நடுவில் வருகிறது. ஆனால் அகலத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருப்பதற்கு அர்த்தம், குசினியின் பின்முனை இறங்கி, முழுக் குசினியும் வீட்டை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்கிறது என்பது. அடுத்து இரண்டு கேள்விக்கு விடை வேண்டும். இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா? இறங்கும்போது பெரிய வீட்டையும் பிடித்து இழுக்கிறதா?

முதல் கேள்விக்கு நீங்களே பாதி விடை கண்டுபிடிக்கலாம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வெடிப்புக்குள் பாருங்கள். உள்ளே தூசியும் சிலந்தி வலையும் பழைய வர்ணமும் இருந்தால் அது பழைய வெடிப்பு. விளிம்பு கூர்மையாக, சிமெண்ட் நிறம் பளிச்சென்று இருந்தால் அண்மையில் திறந்தது. ஏற்கெனவே நிரப்பிய பூச்சு இருந்து, அந்தப் பூச்சே மறுபடி பிளந்திருந்தால் இன்னும் ஓடுகிறது. வெடிப்பு முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அடுத்த முறை போகும்போது கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். இடது வலது வீட்டுக்காரர்களிடம் பேசுங்கள். ஒரே வரிசை, ஒரே மண். பின்குசினியை எத்தனை முறை பூசினார்கள் என்று அவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதிவுபெற்ற பொறியாளர் வேண்டும், பெயருக்கு முன்னால் "இர்" என்று போட்டுக்கொள்ளும் உரிமை உள்ளவர். குசினியின் பீமை வீட்டின் தூணிலோ பீமிலோ கம்பி விட்டுக் கட்டியிருக்கிறார்களா என்று அவர் பார்க்க வேண்டும். கட்டவில்லை, குசினி தனியாக நிற்கிறது என்றால் பிழைத்தோம். அந்தச் சேர்க்கையை ஓர் இணைப்பாகவே விட்டு, இழுபடுகிற ரப்பர்ப் பசை போட்டு, கூரை சேருகிற இடத்தில் தகடு மாட்டி, தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொண்டு வாழலாம். கட்டியிருக்கிறார்கள், வீட்டின் பின் பீமிலும் வெடிப்பு ஏறியிருக்கிறது என்றால் குசினியை இடித்துப் பைல் அடித்து மறுபடி கட்டுகிற செலவைக் கணக்கில் வைத்துத்தான் விலை பேச வேண்டும். அந்த விலைக்கு விற்பவர் இறங்காவிட்டால் விட்டுவிடுங்கள். அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் நான் இந்த வீட்டை விடச் சொல்வேன்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2003இல் நான் வாங்கிய முதல் வீட்டில் குசினியின் ஒரு சுவருக்கு மட்டும் புது வர்ணம் அடித்திருந்தது. சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று என் மனைவி சந்தோஷப்பட்டாள். எட்டாவது மாதம் அந்தச் சுவரில் சுண்டுவிரல் நகம் நுழைகிற அளவுக்கு வெடித்தது. ஒரு குத்தகைக்காரரைக் கூப்பிட்டேன், சிமெண்ட் வைத்துப் பூசி 600 வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். மறுபடி வெடித்தது, மறுபடி பூசினார். மூன்றாவது முறைக்குப் பிறகு வந்த பொறியாளர் சுவரைப் பார்க்கவே இல்லை. வெளியே போய்க் கால்வாய் ஓரமாகக் குனிந்து, குசினித் தரைக்கு அடியில் கையை விட்டார். முழங்கை வரைக்கும் உள்ளே போனது. மண் இறங்கித் தரைக்கு அடியில் வெற்றிடம். அன்றைக்கு அவர் கை போன இடத்தை இப்போது ஒவ்வொரு வீட்டிலும் நான் முதலில் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.

அந்தப் பக்கம் போனதும் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். உங்கள் அறிக்கையில் இது ஒரு பச்சைக் குறிப்பாக, "பின்மேடை 70 மில்லிமீட்டர் இறக்கம்" என்று மட்டும் இருக்கிறது. வீடு நின்று மண் மட்டும் இறங்கும்போது, கழிவறையிலிருந்து வெளியே போகிற குழாய் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஒரு முனை நிற்கிற வீட்டில், மறுமுனை இறங்குகிற மண்ணில். குழாய் தொய்யும், இணைப்பில் பிடுங்கிக்கொள்ளும், கழிவு மண்ணுக்குள் போகும். சோதிப்பது சுலபம். பின்பக்கம் உள்ள கழிவுத் தொட்டி மூடியைத் திறந்து அப்பாவை நிற்கச் சொல்லுங்கள், நீங்கள் உள்ளே போய் ஃபிளஷ் இழுங்கள், மூன்று முறை. தண்ணீர் ஒவ்வொரு முறையும் உடனே, அதே அளவில் வந்து விழ வேண்டும். தாமதமாக வந்தாலோ குறைவாக வந்தாலோ குழாயில் கோளாறு இருக்கலாம்; நான் சொன்ன நான்கு விஷயத்தில் இதுவும் ஒன்று. அறிக்கை பச்சை என்றது, நான் மஞ்சளுக்கும் மேலே வைப்பேன்.

கரையானுக்கு வருவோம். பின் கூரையில் இரண்டு ரீப்பர் கட்டையில் மண்பாதை, கட்டை உள்ளே கூடு: 5 பெருக்கல் 3, சிவப்பு. தோட்டத்தை வெட்டித் தாமான் ஆக்கிய நிலத்தில் பழைய பால்மரத்தின் (ரப்பர் மரத்தின்) கட்டையும் வேரும் மண்ணுக்குள் புதைந்து கிடப்பதுண்டு. பால்மரத்தையும் சதுப்பு மண்ணில் செம்பனையையும் தின்கிற கரையான் இனம் நம் மண்ணிலேயே இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு அது பழகிய பூச்சிதான். அறிக்கையில் தெரிவது இரண்டு கட்டை. பரிசோதகர் பார்த்ததோ ஒரு திறப்பிலிருந்து மட்டும். 5ஆம் பக்கத்தோடு இதைச் சேர்த்து வாசித்தால், இரண்டு கட்டை என்பதைக் "குறைந்தது இரண்டு கட்டை" என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கரையான் ஒழிப்பவரை ஏணியோடு அழைத்து, முன்பக்கமும் கூரை ஓடுகளைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முக்கியமாகத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருக்கிற கட்டைகளைப் பார்க்க வேண்டும். 200 காலன் தொட்டி நிறைந்தால் ஏறக்குறைய 900 கிலோ. அவ்வளவு பாரமும் சீலிங்குக்கு மேலே நான்கைந்து கட்டையில் உட்கார்ந்திருக்கிறது. மண்பாதையை உடைத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் பூச்சி ஓடினால் உயிருள்ள கூடு, காய்ந்து பொடியாக உதிர்ந்தால் பழையது.

மஞ்சளில் இருக்கிற சீலிங் கறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டத்துக்குள் வட்டமாக மூன்று விளிம்பு இருக்கிறது. ஒரு தடவை நனைந்து காய்ந்தால் ஒரு விளிம்பு. மூன்று விளிம்பு என்றால் குறைந்தது மூன்று தடவை நனைந்து காய்ந்திருக்கிறது. ஓடு நகர்ந்ததாகவும் இருக்கலாம், குசினிக் கூரையும் வீட்டுக் கூரையும் சேருகிற இடத்தில் தகடு பிய்ந்ததாகவும் இருக்கலாம். கறை பின்சுவரிலிருந்து இரண்டடியில் இருப்பதால் இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அப்படியானால் அதுவும் குசினி இறங்கிய கதையின் மறுபாதிதான், தனி நோய் கிடையாது. சுவரடியில் உப்புப் பூத்து வர்ணம் கொப்பளித்திருப்பது மட்டும் வேறு விஷயம். மண்ணின் ஈரம் சுவரேறுகிறது. பழைய வீட்டில் அது சாதாரணம், அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் இருந்தாலே பாதித் தொல்லை குறையும்.

மற்றதெல்லாம் லேசானவை. தட்டினால் உள்ளே வெற்றுச் சத்தம் கேட்கிற 14 தரை ஓடுகள், மயிரிழை வெடிப்புகள், ஒட்டாத ஜன்னல் கொக்கி, சாய்ந்த கேட்: இவற்றை நீங்கள் குடியேறி இரண்டு மூன்று வருஷத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே ஓர் எச்சரிக்கை. பின்கட்டு சீலிங் பலகை "ஆஸ்பெஸ்டாஸ் ஆக இருக்கலாம்" என்று 31ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறார். உடையாமல் இருக்கிற வரையில் அப்படியே விடுங்கள். துளை போட்டு விசிறி மாட்டுவது, உடைத்துக் குப்பையில் போடுவது கூடாது; அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகிற தூசி. மாற்ற வேண்டுமென்றால் அந்த வேலை தெரிந்தவரை வைத்து மாற்றுங்கள்.

தோழி சொன்ன இரண்டு வருஷம் உண்மைதான், உங்களுக்கு மட்டும் அது பொருந்தாது. லைசென்ஸ் உள்ள டெவலப்பரிடம் புதிதாக வாங்கினால், சாவி ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதம் குறைபாட்டுக் காலம். எழுத்தில் தெரிவித்தால் 30 நாளுக்குள் அவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். விலையில் 5 விழுக்காடு வழக்கறிஞர் கையில் நிற்கும், அதை வைத்துத்தான் அழுத்தம் கொடுக்க முடியும். அவர் செய்யாவிட்டால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் இருக்கிறது. 2002 டிசம்பரில் தொடங்கியது, 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுவுக்கு 10 வெள்ளி, குறைபாட்டுக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். தோழியிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்கு உதவும். உங்களுடையது கைமாறுகிற வீடு. ஒப்பந்தத்தில் "இருக்கிற நிலையிலேயே வாங்குகிறேன்" என்ற வரி அநேகமாக இருக்கும். கையெழுத்துப் போட்ட மறுநிமிஷம் 61 குறையும் உங்களுடையவை. அதனால்தான் இப்போது, இந்த இரண்டு வாரத்தில், எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும் என்கிறேன்.

பேரம் பேசும்போது ஒரு கணக்கை மறந்துவிடாதீர்கள். விலையில் 15,000 வெள்ளி குறைத்தார் என்று வைத்துக்கொள்வோம். 90 விழுக்காடு கடன் வாங்குகிறவருக்குக் கையிலிருந்து போகிற பணத்தில் குறைவது 1,500 மட்டும்தான், மீதி கடனில் குறைகிறது. ஆனால் குசினியைச் சரிசெய்ய வேண்டிய 15,000த்தைப் பேங்க் தராது, அது உங்கள் ரொக்கம். சேமநிதியிலிருந்து எடுப்பதை முழுவதுமாக முன்பணத்துக்கே போட்டுவிட்டால், சாவி வாங்கிய அன்று கையில் ஒன்றும் இருக்காது. அதனால் நான் சொல்வது: ஆர்சிசிபி, கரையான் இரண்டையும் விற்பவரே செய்து, ரசீதும் கரையான் உத்தரவாதமும் உங்கள் பெயரில் வரும்படி ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். குசினியை மட்டும் அவர் கையில் விடாதீர்கள். விற்றுவிட்டுப் போகிறவர் வெடிப்பை அடைத்து வர்ணம்தான் அடிப்பார். அதற்கு விலையில் குறைக்கச் சொல்லுங்கள், இரண்டு குத்தகைக்காரரிடம் வாங்கிய விலைத்தாளைக் காட்டிக் கேளுங்கள். "அறிக்கை சொல்கிறது" என்று மொட்டையாகச் சொன்னால் யாரும் இறங்கி வரமாட்டார்கள்.

கட்டிய 3,700 திரும்புமா என்பது நீங்கள் கையெழுத்துப் போட்ட முன்பணத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். விற்பவரின் வழக்கறிஞரையே உங்களுக்கும் வைத்துக்கொள்ள வேண்டாம். நீட்டிக் கட்டிய குசினிக்கு நகராண்மைக் கழகம் அங்கீகரித்த வரைபடம் இருக்கிறதா என்றும் அவரைக் கேட்கச் சொல்லுங்கள். வரைபடம் கிடைத்தால் அடித்தளம் என்ன போட்டார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும், பொறியாளருக்குப் பாதி வேலை மிச்சம். கெரான் (நிலப் பட்டா), குத்தகைக் காலம், நிலத்தின் மேல் உள்ள தடை எதுவும் சோதனை அறிக்கையில் வராது, அது நில அலுவலகத் தேடலில் வருவது.

கடைசியாக உங்கள் அப்பா. அவர் பேச்சை ஒதுக்காதீர்கள், அதற்காக அதையே முடிவாகவும் வைத்துக்கொள்ளாதீர்கள். லயத்து வீடு தோட்டத்துடையது. கூரை ஒழுகினால் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் சொல்வோம், வந்து பார்க்கும்போது பார்ப்பார்கள். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. என் அப்பாவும் அப்படித்தான், 55 வயதில் சாமானை லோரியில் ஏற்றிக்கொண்டு என் அக்கா வீட்டு வாசலில் வந்து இறங்கினார். இனி யாரும் வெளியேறச் சொல்ல முடியாத ஒரு சுவரைத் தட்டிப் பார்க்கும்போது அது கெட்டியாகத்தான் கேட்கும். அவர் சொன்னது பாதி சரியும்கூட. பைலில் நிற்கிற முன்வீடு உண்மையிலேயே கெட்டியான வீடு, அறிக்கையில் அந்தப் பகுதிக்கு ஒரு சிவப்பும் இல்லை. அதை அவரிடம் சொல்லிவிட்டு, பின்கட்டுக்குக் கூட்டிப் போங்கள்.

நல்ல மழை பெய்த ஒரு நாளின் மறுநாள் காலையில் போங்கள். டார்ச், பென்சில், ஏணி, கொத்தனார் யாரிடமாவது கேட்டு ஒரு ரசமட்டம். முதலில் அந்த மூன்று வட்டக் கறையைத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் வெளியே போய், கால்வாய் ஓரம் குனிந்து, குசினித் தரைக்கு அடியில் டார்ச்சை அடியுங்கள். பாம்பு பூரான் இல்லையென்று பார்த்துக்கொண்டு ஒரு குச்சியை உள்ளே விட்டு, எவ்வளவு தூரம் போகிறது என்று அப்பாவை அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவையும் பென்சில் கோட்டுத் தேதியையும் பொறியாளரிடம் கொடுங்கள்.